சிறுநீரக வியாதியும் பத்தியப் புரட்டும்

நமது நாட்டில் ஒரு மனிதனுக்கு வியாதி வந்துவிட்டால், அவனுக்கு வைத்தியம் சொல்ல யோக்கியதை இல்லாதவன் என்று ஒருவனையும் காண முடிவதில்லை. கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறோம். மனிதனுடைய உடம்பு கெட்டுவிட்டால் மாத்திரம், அடுத்த வீட்டுக்காரர், கோவில் பூசாரி, ஜோசியர், நாட்டு மருந்துக் கடைக்காரர், கூட வேலை செய்கிறவர், கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பேசுகிறவர் ஆகிய அத்தனை பேரும் வைத்தியர்களாகி விடுகிறார்கள். இவர்கள் சொன்னது தவறாய்ப் போய் நோயாளி செத்தால், பதில் சொல்ல வேண்டியவர் இவர்களில் ஒருவருமில்லை. அப்பொழுது மாத்திரம் பழி விதியின் தலையில் ஏறிவிடும்.

கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை முதலிய இடங்களுக்கு நாம் பிரசாரத்துக்காகப் போகும்போதெல்லாம், கூட்டம் முடிந்தபின் சில தோழர்கள் வந்து, தங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்றும், இன்னார் இன்னதைக் கொடுக்கச் சொல்லுகிறார், கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நாம் டாக்டர் அல்ல. பத்தியம் எழுதிக் கொடுக்க வரவுமில்லை. ஆனால் சொல்லுகிறவன் யார், எதை வைத்துக்கொண்டு சொல்லுகிறான் என்று கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. பகுத்தறிவு இருந்தால் போதும்.

முதலில் சங்கதி இன்னதென்று பார்ப்போம். சிறுநீரகமானது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உள்ளே விட்டு, வேண்டாததை ஒன்றரை லிட்டர் சுமார் சிறுநீராக வெளியே தள்ளுகிறது. உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதத்தின் கழிவு ஆகியவை மிஞ்சினால் அவற்றை வெளியேற்றுவதும் அதுவே. அது கெட்டுப்போனால், தின்பதும் குடிப்பதும் உள்ளேயே தங்கும். நீர் தங்கினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். பாஸ்பரஸ் தங்கினால் எலும்பும் ரத்தக் குழாயும் கெடும். பொட்டாசியம் ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. அது 6, 6.5 என்று ஏறினால் இருதயத்தின் ஓட்டம் தடுமாறித் திடீரென்று நின்றும் போகலாம். அப்படி நிற்பதற்கு முன் யாதொரு அடையாளமும் தெரியாமலே இருக்கலாம். ராத்திரி நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், "நல்ல சாவு, சாமி கூப்பிட்டுக் கொண்டது" என்கிறார்கள். கூப்பிட்டது சாமியா, முந்திய நாள் குடித்த இளநீரா என்று கேட்க ஒருவரும் இல்லை.

இளநீர் என்றதும் சிலருக்குக் கோபம் வரும். இளநீர் சுத்தமானது, குளிர்ச்சியானது, ஆண்டவன் அடைத்துக் கொடுத்தது என்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர் தாராளமாய்க் குடிக்கட்டும். ஆனால் ஒரு இளநீரில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் ஏறிவிட்ட நோயாளிக்கு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராம் போலத்தான் அனுமதிப்பது வழக்கம். ஆகவே ஒரே டம்ளரில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சூடு தணிக்கிறது என்று சொல்லி இதைத் தினம் இரண்டு வேளை கொடுப்பது அன்பா, கொலையா?

வாழைத்தண்டுச் சாறும் இப்படித்தான். கிட்னியில் கல் இருப்பவருக்கு யாரோ சொன்னதைக் கிட்னியே செயலிழந்தவருக்கும் கொடுக்கிறார்கள். கல் வேறு, செயலிழப்பு வேறு என்ற பேதம்கூடத் தெரியாமல் இரண்டையும் "கிட்னிக் கோளாறு" என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். கல் இருப்பவரை அதிகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுவது சரி. சிறுநீர் இறங்காமல் கால் வீங்கியிருப்பவருக்கும் அதே தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலில் போய் நிற்கும். வண்டியில் மிளகாய்ப் பொடி தூவி விற்கிறார்களே நட்சத்திரப் பழம், அதில் கேராம்பாக்சின் என்ற நஞ்சு இருப்பதாக 2013-ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடுகிறது. கெட்ட கிட்னி உள்ளவருக்கு அந்தப் பழத்தினால் ஓயாத விக்கலும், வலிப்பும், மரணமும் நேர்ந்திருக்கின்றன. பழம் என்றால் நல்லதுதானே என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்?

அடுத்தபடியாக இந்துப்பு. "சாதா உப்புதான் கெடுதி, இந்துப்பு சாப்பிடலாம்" என்பது இப்பொழுது படித்தவர்கள் வீட்டிலும் வேதவாக்காய் இருந்து வருகிறது. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். கடலில் எடுத்ததும் சோடியம் குளோரைடுதான். மலையில் பிறந்ததனால் உயர்ந்த உப்பு, கடலில் பிறந்ததனால் தாழ்ந்த உப்பு என்று உப்புக்குக்கூட ஜாதி பிரித்து வைத்திருக்கும் தேசம் இது ஒன்றுதான் போலிருக்கிறது! இன்னும் சிலர் சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் வாங்குகிறார்கள். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. மற்றவருக்கு அது நல்லதாக இருக்கலாம். பொட்டாசியம் ஏறும் நோயாளிக்கோ, கொள்ளிக்குப் பயந்து நெருப்பில் விழுந்த கதைதான்.

உப்பின் கணக்கு மிகவும் சுலபமானது. ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது மட்டமாய் ஒரு தேக்கரண்டி. இதற்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் எல்லோருக்கும் சொல்லுகிற அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம் ஆகிறது. உங்கள் வீட்டில் ஒரு கிலோப் பாக்கெட் எத்தனை நாளில் தீருகிறது என்று பாருங்கள்! அதன்மேல் மாங்காய் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கம்பெனி வாசலில் விற்கும் மிக்சர் வேறு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்ற பழமொழியைச் சொன்னவருக்கு ரத்தக் கொதிப்பு என்றால் இன்னதென்று தெரியாது. நமக்குத் தெரிந்தபிறகும் அதையே சொல்லிக் கொண்டிருப்பானேன்?

இனி நமது பக்கத்துக் களிக்கு வருவோம். ஓசூர் எல்லையில் தமிழர், தெலுங்கர், கன்னடியர் மூவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் சாப்பாடு ராகிக் களி ஒன்றுதான். அது ஏழைகளின் பலம். அதை இழிவாய்ப் பேசுவது நமது நோக்கமல்ல. ஆனால் "சிறுதானியம் எல்லா வியாதிக்கும் மருந்து" என்று ஒரு புது மதம் கிளம்பியிருக்கிறது. 100 கிராம் ராகியில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ சுமார் 100 தான். பாஸ்பரசும் ராகியில் இரண்டு மடங்கு. ஆகவே பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு, ஊரார் இகழும் வெள்ளைச் சோறே உதவியாகவும், ஊரார் புகழும் களி உபத்திரவமாகவும் முடியலாம். அதற்காக ராகியே கூடாது என்று நாம் புது சாஸ்திரம் எழுதவில்லை. வியாதியின் ஆரம்பத்தில் பொட்டாசியம் சரியாய் இருப்பவர் களியை விடவேண்டிய அவசியமே இல்லாதிருக்கலாம். தானியத்திலுள்ள பாஸ்பரசில் ஒரு பகுதிதான் உடம்பில் சேருகிறது. அடைத்து விற்கும் கருப்புச் சோடாவிலும் பதப்படுத்திய தின்பண்டங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ அநேகமாய் முழுவதும் சேர்ந்துவிடுகிறது. களியை விட்டுவிட்டு அந்தச் சோடாவைக் குடிப்பவருக்கு என்ன லாபம்?

இதிலிருந்து தெரிகிறதென்ன? ஒரே பண்டம் ஒருவருக்கு உணவாகவும் மற்றொருவருக்கு விஷமாகவும், ஒரே மனிதருக்குக்கூட இந்த வருஷம் ஒரு விதமாகவும் அடுத்த வருஷம் வேறு விதமாகவும் ஆகிறது. இதைத் தீர்மானிக்க வேண்டியது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. எல்லோருக்கும் எக்காலத்துக்கும் ஒரே விதி என்று சொல்லுவது மநு எழுதலாம், வைத்தியர் எழுதமுடியாது.

காய் சமைப்பதிலும் அறிவு வேண்டும். தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை முதலியவற்றைச் சிறிதாய் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாய்க் குறைகிறது. ஆனால் எல்லைப்புறத்து வீடுகளில், கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்துத்தானே பஸ்ஸாரு வைக்கிறோம்! கீழே கொட்ட வேண்டியதையே ருசியாக்கி நோயாளியின் களிக்கு ஊற்றுகிறோம். "சத்து வீணாகக் கூடாது" என்று கிழவி சொன்னது மற்றவர்களுக்குச் சரி. இவருக்கு அந்தச் சத்துதான் சத்துரு.

பக்தியினால் வரும் கேடு தனி. பஞ்சாமிர்தம் என்பது என்ன? வாழைப்பழம், பேரீச்சை, திராட்சை, வெல்லம். அதாவது பொட்டாசியத்தைத் திரட்டி உருட்டிய உருண்டை. "பிரசாதம் கெடுதல் செய்யுமா?" என்று கேட்கிறார்கள். பொட்டாசியத்துக்குப் பிரசாதம் என்றும் பலகாரம் என்றும் தெரியுமா? டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவருக்கு ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் நாள் நீண்டால் ஆபத்தும் அதிகமாகிறது. அந்த இடைவெளியில் ஒரு திருவிழா வந்துவிட்டால் உபவாசம், தீர்த்தம், பழம், பாயசம் எல்லாம் அவர் தலையில்தான். பேரீச்சையை வைத்து நோன்பு திறக்கும் முஸ்லிம் தோழருக்கும் இதையே சொல்லுகிறோம். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டென்று அவர்கள் மதமே சொல்லியிருக்க, அந்த விலக்கை எடுத்துக்கொள்ள வெட்கம் என்ன?

இதைவிட மோசமானது முட்டையைப் பற்றிய புரட்டு. டயாலிசிசுக்குப் போகாத நோயாளிக்கு, எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டாலோ, அதில் புரதச் சத்தும் ஓரளவு வெளியே போய்விடுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அதாவது 60 கிலோ உள்ளவர் முன்பு 48 கிராம் சாப்பிட்டவர், பின்பு 60 முதல் 72 கிராம் சாப்பிடவேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவில் நல்ல புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் மிகச் சொற்பம். விலையும் ஏழைக்கு எட்டுவது. ஆனால் நமது ஜனங்களோ வியாதி வந்ததும் "கவுச்சி ஆகாது" என்று முட்டையை நிறுத்திவிடுகிறார்கள். புரட்டாசி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெருமாளுக்காக ஒரு மாதம் முட்டையை விட்ட டயாலிசிஸ் நோயாளிக்குச் சதை கரைவதைத் தவிர வேறு புண்ணியம் கிடையாது. மாமிசம் தின்பவன் தாழ்ந்தவன், பருப்பும் நெய்யும் தின்பவன் உயர்ந்தவன் என்று ஒரு கூட்டத்தார் செய்த கற்பனை, ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வந்து ஏழையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்குகிறது என்றால் அதன் கொடுமையை என்னென்பது?

இப்பொழுது மருந்து வியாபாரிகளைப் பார்ப்போம். "கிரியேட்டினினை இறக்கித் தருகிறோம், டயாலிசிஸ் வேண்டாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. ஒரு மனிதனைப் பட்டினி போட்டு இளைக்க வைத்தால் தசை குறையும். அந்த எண்ணும் சிறிது இறங்கும். கிட்னி குணமாயிற்று என்று அதற்கு அர்த்தமல்ல. ஆள் தேய்ந்து போனான் என்றுதான் அர்த்தம். சீட்டில் எண் இறங்கியதைக் கண்டு டயாலிசிசை நிறுத்தினால், முடிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தெரிந்துவிடும்.

"இவை மூலிகைகள், பக்க விளைவு கிடையாது" என்பது அடுத்த பொய். 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியம் நாட்டுப் பிரசெல்ஸ் நகரத்தில், உடம்பு இளைப்பதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். அந்த அமிலம் உள்ள செடிகள் நம் நாட்டிலும் உண்டு. ஆடுதீண்டாப்பாளை ஒன்று, ஈஸ்வரமூலி மற்றொன்று. ஆடு தீண்டாததை மனிதன் அரைத்துக் குடிக்கிறான்! ஈஸ்வரன் பெயரை வைத்துவிட்டதால் விஷம் அமிர்தமாகி விடுமா? 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. 2022-ல் நமது தமிழ்நாட்டு மருத்துவர்களே, நாட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்கு வந்த ஒருவகைச் சிறுநீரக வியாதியை எடுத்துக் காட்டினார்கள். அம்மருந்துகள் பலவற்றில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணம் கண்டது. வியாதிக்கு மருந்து என்று கொடுத்ததே வியாதியாய் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

"இங்கிலீஷ் வைத்தியர்கள் மாத்திரம் யோக்கியர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அவர்களுக்கு வக்கீல் அல்ல. "உப்பைக் குறை, தண்ணீரைக் குறை, அடுத்த ஆள் வரலாம்" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடும் டாக்டரும் இந்தப் புரட்டுக்கு உடந்தைதான். ஏன் குறைக்க வேண்டும், எதற்குப் பதில் எதைத் தின்ன வேண்டும் என்று அவர் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் பூசாரியும் மருந்துக் கடைக்காரரும் வந்து உட்காருகிறார்கள். ஆனால் பேதம் இது: டாக்டர் சொன்னதைச் சீட்டை வைத்துச் சோதிக்கலாம், தவறானால் கேட்கலாம். பூசாரி சொன்னதைச் சோதிப்பது பாவம் என்கிறார்கள்.

விதி என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2023-ல் விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக வியாதி இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற தெரிந்த காரணம் ஒன்றும் இல்லை. வெயிலில் வெந்து உழைப்பதே ஒரு காரணமாயிருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். கல் குவாரியிலும், வார்ப்பட ஆலையிலும், தக்காளித் தோட்டத்திலும் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் நேரம் கொடுக்காமல் வேலை வாங்குவதற்குப் பெயர் விதியா? அது முதலாளி எழுதிய விதியல்லவா? குடிக்கிற தண்ணீரிலும் சங்கதி இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. கிட்னி கெட்டவரின் உடம்பு புளோரைடையும் சரியாய் வெளியேற்றாது. அப்படியிருக்க, அவர் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரே கதி என்றால் யார் பொறுப்பு?

பெண்கள் விஷயம் இன்னும் கேவலம். வீட்டில் ஆணுக்கு வியாதி என்றால் மனைவி தனியாய் உலை வைத்து, தனியாய்க் காய் வடித்துப் போடுகிறாள். அவளுக்கே வியாதி என்றால், எல்லோருக்கும் உப்பும் புளியும் போட்டு வடித்துவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் தின்கிறாள். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களாக அரசாங்கக் கணக்கில் வந்த 36,640 பேரில் பெண்கள் 6,945 பேர்தான். உயிரோடிருந்து உறுப்பைக் கொடுப்பவர்களிலோ பெண்களே அதிகம். கொடுப்பதற்குப் பெண், பெறுவதற்கு ஆண் என்பது கிட்னி வரைக்கும் வந்துவிட்டது. வியாதிக்காரப் பெண்ணுக்கு முதலில் பரிமாறாத வீட்டில் எந்தப் பத்தியமும் பலிக்காது.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது என்ன? சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவையாவது சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வியாதி முற்றும் வரை வலி காட்டாது. வியாதி இருப்பவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் எண்களைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாராவது "இதைச் சாப்பிடு" என்றால் அந்த நோட்டை நீட்டி, "இந்த எண்ணுக்கு இது ஆகுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும் கும்பிட்டு அனுப்பி வையுங்கள்.

அரசாங்கத்தாரையும் கேட்கிறோம். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே இந்தக் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில்தான். அது நல்ல காரியம். மாத்திரை வந்த வீட்டுக்கு, என்ன தின்னலாம் என்ற அறிவும் வரவேண்டாமா? டயாலிசிஸ் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் உணவு சொல்லித்தர ஒருவர் வேண்டும். களி, சாறு, அவரை, கொள்ளு என்று நாம் தின்பதை வைத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சிட்ட பட்டியல் வேண்டும். அடைத்து விற்கும் பண்டத்தின்மேல் சோடியம் அளவை அச்சிடச் சட்டம் இருப்பதுபோல, பொட்டாசியத்துக்கும் பாஸ்பரசுக்கும் வேண்டும். ஆலைச் சாப்பாட்டுக் கூடங்களில் உப்புக் குறைந்த சாப்பாடு ஒன்று வைக்கவேண்டும்.

இவை கிடைக்கும் வரை, நோயாளியைப் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்தால் போதும். இளநீரையும், பிரசாதத்தையும், யோசனையையும் வெளியில் வைத்துவிட்டு, "உங்கள் சீட்டில் என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.